தீர்ப்பு வழங்கி இரண்டே நாள்களில் பதவியிழந்த பிரதம நீதியரசர்: கானாவின் சேர் ஆர்க்கு கோர்சா

மேற்கு ஆபிரிக்க நாடான கானாவின் பிரதம நீதியரசர் ஜேர்ட்ரூட் டோர்கோர்னூ 2025 செப்டம்பர் 1 ஆம் திகதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்நாட்டின் அரசியலமைப்பின் 146 ஆவது உறுப்புரையின் கீழ் முறைப்பாடுகள் பெறப்பட்டு, விசாரணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, அக்குழுவின் பரிந்துரைக்கு அமைய ஜனாதிபதி அந்த நடவடிக்கையை மேற்கொண்டார். 1992 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் பிரதம நீதியரசர் ஒருவர் இவ்வாறு நீக்கப்பட்டது அதுவே முதற்தடவையாகும். அந்த நீக்கம் நியாயமானதா என்பது குறித்துக் கானாவின் சட்டத்துறையினரிடையே கடுமையான கருத்து வேறுபாடு நிலவியது. அந்த விவாதத்தினுள் நாம் இங்கு பிரவேசிக்கப் போவதில்லை. ஆனால், முறைப்பாடு, விசாரணைக்குழு, பரிந்துரை என்ற இத்தனை படிகளை ஒரு நாடு தனது அரசியலமைப்பில் எழுதி வைப்பதற்குக் காரணமாக அமைந்த ஒரு மனிதரின் வரலாற்றை நினைவுகூருவது பயனுடையது என்று கருதுகின்றோம்.

அந்த மனிதர் சேர் கோபினா ஆர்க்கு கோர்சா. கானாவின் பிரதம நீதியரசர் பதவியை வகித்த முதலாவது கானா நாட்டவர் அவர். 1963 டிசம்பர் 9 ஆம் திகதி அவர் ஒரு தீர்ப்பை வழங்கினார். டிசம்பர் 11 ஆம் திகதி அவர் பிரதம நீதியரசராக இருக்கவில்லை. முறைப்பாடும் இல்லை, விசாரணையும் இல்லை, ஜனாதிபதியின் கையொப்பம் மாத்திரமே இருந்தது.

1894 ஏப்ரல் 3 ஆம் திகதி சோல்ட்பொண்ட் என்ற கரையோரப் பட்டினத்தில் கோர்சா பிறந்தார். அப்போது அந்த நாடு பொற்கரை என்று பொருள்தரும் கோல்ட் கோஸ்ட் என்ற பெயரில் பிரித்தானியரின் ஆட்சியின் கீழ் இருந்தது. ஐரோப்பிய வணிகர்களுடனும் மிஷனரிமாருடனும் நெடுங்காலத் தொடர்பு கொண்டிருந்த அக்கரையோரத்தில் ஆங்கிலக் கல்வி முன்னதாகவே வேரூன்றியிருந்தது. கேப் கோஸ்ட் நகரில் மெதடிஸ்த திருச்சபையினர் நிறுவிய ம்பான்ட்சிபிம் பாடசாலையிலும், பின்னர் சியரா லியோனின் தலைநகர் ஃபிரீடவுனில் உள்ள ஃபூரா பே கல்லூரியிலும் கோர்சா கல்வி பயின்றார். 1827 இல் தொடங்கப்பட்ட ஃபூரா பே கல்லூரி, இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. மேற்கு ஆபிரிக்காவின் கற்றோர் குழாம் அக்காலத்தில் உருவானது அங்கேதான். அதன் பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று பாரிஸ்டராகத் தாயகம் திரும்பிய அவர், கேப் கோஸ்டில் சட்டத்தொழிலை ஆரம்பித்தார்.

அன்றைய கோல்ட் கோஸ்டில் சட்டத்தரணிகளே அரசியல்வாதிகளாகவும் இருந்தனர். காணிகளை முடிக்குரியனவாக்க முயன்ற சட்டங்களை எதிர்த்து 1897 இல் உருவான பூர்வீக மக்கள் உரிமைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைமையகம் கேப் கோஸ்டிலேயே இருந்தது. 1925 இல் ஆளுநர் குகிஸ்பேர்க் அறிமுகப்படுத்திய அரசியலமைப்பு, கரையோர நகரங்களுக்குச் சட்டசபையில் தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதித்துவத்தை வழங்கியது. எனினும் பாரம்பரியத் தலைவர்களுக்கு அது அளித்த மேலாதிக்கத்தைக் காரணங்காட்டிச் சங்கத்தினர் அதனைப் பகிஷ்கரிக்க முனைந்தனர். கோர்சா பகிஷ்கரிப்பை ஏற்கவில்லை. கிடைத்த ஆசனத்தில் அமர்ந்து வாதாடுவதே மேல் என்பது அவரது நிலைப்பாடு. 1928 இல் கேப் கோஸ்டின் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்ட அவர், 1940 வரை அந்த ஆசனத்தை வகித்தார்.

நிறுவனத்துக்கு உள்ளே இருந்துகொண்டே அதனைத் திருத்தலாம் என்ற இந்த நம்பிக்கைதான் அவரது வாழ்வை இறுதிவரை வழிநடத்தியது. அவரது உயர்வுக்கும் அவர் பட்ட அவமானத்துக்கும் இதுவே காரணமாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

1934 இல் குடியேற்ற அரசாங்கம் அரச நிந்தனைச் சட்டமூலம் ஒன்றையும் நீர் வழங்கல் கட்டணச் சட்டமூலம் ஒன்றையும் கொண்டுவந்தது. அரசுக்கு எதிரான வெளியீடுகளை வைத்திருப்பதையே குற்றமாக்க முனைந்த முதலாவது சட்டமூலம் நாடெங்கும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. நானா ஒஃபோரி அட்டா தலைமையில் ஒரு தூதுக்குழு இலண்டன் சென்று குடியேற்ற நாடுகள் அமைச்சிடம் முறையிட்டது. கோர்சா அக்குழுவின் உறுப்பினர். அதன் செயலாளராகச் சென்றவர் ஜே. பி. டங்குவா என்ற இளம் சட்டத்தரணி. இந்தப் பெயரை வாசகர்கள் மனதிற்கொள்ள வேண்டும். கருத்துச் சுதந்திரத்துக்காக ஒரே கப்பலேறிய இந்த இருவரும் 27 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரே நீதிமன்றத்தில், ஒருவர் நீதியாசனத்திலும் மற்றவர் வாதாடும் இடத்திலுமாக, எதிரெதிரே நின்றார்கள்.

1942 இல் ஆளுநர் சேர் அலன் பேர்ன்ஸ் தமது நிறைவேற்றுச் சபைக்கு முதன்முதலாக ஆபிரிக்கர் இருவரை நியமித்தார். ஒருவர் நானா ஒஃபோரி அட்டா, மற்றவர் கோர்சா. அடுத்த ஆண்டில், மேற்கு ஆபிரிக்காவின் உயர்கல்வி பற்றி ஆராய அமைக்கப்பட்ட எலியட் ஆணைக்குழுவிலும் அவர் உறுப்பினரானார். மேற்கு ஆபிரிக்கா முழுவதற்கும் ஒரேயொரு பல்கலைக்கழகக் கல்லூரி, நைஜீரியாவில், போதுமானது என்று ஆணைக்குழுவின் சிறுபான்மையினர் அறிக்கையிட்டனர். கோர்சா உள்ளிட்ட ஆபிரிக்க உறுப்பினர்கள் மூவரும் பெரும்பான்மை அறிக்கையில் ஒப்பமிட்டு, கோல்ட் கோஸ்டுக்கும் தனியாக ஒரு கல்லூரி வேண்டும் என்று வலியுறுத்தினர். 1948 இல் அந்தக் கல்லூரி ஆரம்பமாயிற்று. கானாப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருப்பது அதுவே.

1945 இல் கோர்சா நீதியரசராக நியமனம் பெற்றார். சுதேச நீதிமன்றங்களைச் சீரமைப்பது பற்றி ஆராய்ந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி 1951 இல் அறிக்கை சமர்ப்பித்தார். 1955 இல் சேர் பட்டமும், 1956 இல் பிரதம நீதியரசர் பதவியும் அவரை வந்தடைந்தன. அதுவரை வெள்ளையர் மாத்திரமே அமர்ந்திருந்த ஆசனம் அது.

அவர் நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்த அதே ஆண்டுகளில் நாட்டின் அரசியல் வேறொரு தலைமுறையின் கைக்கு மாறியிருந்தது. 1947 இல் டங்குவாவும் நண்பர்களும் ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாடு என்ற கட்சியை அமைத்தபோது, அதன் பொதுச்செயலாளர் பதவிக்கு வெளிநாட்டில் இருந்த குவாமே நிக்ருமாவின் பெயரைச் சிபாரிசு செய்தவர் அக்கோ அட்ஜேய். 1948 இல் அக்ரா நகரில் முன்னாள் படைவீரர்களின் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்து கலவரம் வெடித்ததும், பிரித்தானியர் ஆறு தலைவர்களைத் தடுத்து வைத்தனர். நிக்ருமா, டங்குவா, அக்கோ அட்ஜேய், எட்வேர்ட் அக்குஃபோ அடோ, ஒபெட்செபி லம்ப்டே, வில்லியம் ஒஃபோரி அட்டா ஆகிய அந்த அறுவரும் நாட்டின் விடுதலைப் பிதாக்களாக இன்றும் போற்றப்படுகின்றனர். விசாரணையின்றிச் சிறையிருந்த அனுபவம் அந்த அறுவருக்கும் பொதுவானது. அவர்களுள் ஒருவர் ஜனாதிபதியாகவும், ஒருவர் நீதியரசராகவும், ஒருவர் எதிரியாகவும் சம்பந்தப்பட்ட வழக்கொன்றுக்குப் பதினைந்து ஆண்டுகளின் பின்னர் கோர்சா தலைமை தாங்க நேர்ந்தது.

1957 மார்ச் 6 ஆம் திகதி கோல்ட் கோஸ்ட் கானா என்ற பெயருடன் சுதந்திரம் பெற்றது. கீழ் சகாரா ஆபிரிக்காவில் குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட முதல் நாடுகளுள் ஒன்றான அதனை முழுக் கண்டமும் எதிர்பார்ப்போடு நோக்கியது. கோர்சா பிரதம நீதியரசராகத் தொடர்ந்தார். அவ்வாண்டில் முதலாவது மகாதேசாதிபதி விலகிச்சென்று அடுத்தவர் வரும்வரையான இடைக்காலத்தில் பதில் மகாதேசாதிபதியாகவும் கடமையாற்றினார்.

சுதந்திரத்தின் முதலாண்டிலேயே முதலாவது அபாய மணி ஒலித்தது. குமாசி நகரைச் சேர்ந்த முஸ்லிம் தலைவர்களான அல்ஹாஜ் ஒத்மான் லார்டன், அல்ஹாஜ் அமாடு பாபா ஆகிய இருவரும் எதிர்க்கட்சியான முஸ்லிம் சங்கக் கட்சியின் தூண்களாக விளங்கினர். அவர்களை நைஜீரியர் என்று கூறி அரசாங்கம் நாடுகடத்த ஆணையிட்டது. தாம் கானாப் பிரசைகளே என்று இருவரும் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு விசாரணையில் இருக்கும்போதே, அவ்விருவரின் பெயரையும் தலைப்பிலேயே கொண்ட விசேட சட்டமொன்றை 1957 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. இருவரும் விமானமேற்றி அனுப்பப்பட்டனர். நீதிமன்றம் பதில் சொல்லுமுன்னரே கேள்வி அதன் கையிலிருந்து பறிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோர் சிறுபான்மையினராகவும் எதிரணியினராகவும் இருந்தமையால் ஆளுந்தரப்பில் பலருக்கு அது பெரிய விடயமாகத் தோன்றவில்லை. அதே முறை ஒரு நாள் தமது சொந்த அமைச்சர்கள் மீதும் பிரயோகிக்கப்படும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1958 ஜூலையில் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கமாக நடக்கக்கூடியவர் என்று அரசாங்கம் கருதும் எவரையும் வழக்கு எதுவுமின்றி ஐந்து ஆண்டுகள்வரை அடைத்து வைக்க அது இடமளித்தது. தடுப்புக்காவல் என்ற சொல்லின் கனம் நமது வாசகர்களுக்கு விளக்கப்பட வேண்டியதொன்றல்ல. 1959 நவம்பரில் அசாந்தி மன்னரின் தலைமைப் பேச்சாளரான பபூர் ஒசேய் அக்கோட்டோவும் மேலும் எழுவரும் அச்சட்டத்தின் கீழ் கைதாகினர். சமஷ்டி ஆட்சிமுறை கோரிய தேசிய விடுதலை இயக்கத்தின் நிறுவுனர் என்ற வகையில் அக்கோட்டோ ஆளுங்கட்சிக்கு நெடுநாள் எதிராளி.

1960 ஜூலை 1 ஆம் திகதி கானா குடியரசாயிற்று, நிக்ருமா ஜனாதிபதியானார். இலண்டனில் உள்ள கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. புதிய அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்ற தனி அத்தியாயம் எதுவும் இருக்கவில்லை. மாறாக, ஜனாதிபதி பதவியேற்கும்போது சில கோட்பாடுகளைப் பிரகடனம் செய்யவேண்டும் என்று 13 ஆவது உறுப்புரை கூறியது. இனம், சமயம், அரசியல் நம்பிக்கை ஆகியவற்றின் பேரில் எவரும் பாரபட்சத்துக்கு உள்ளாகக்கூடாது என்பதும், பேச்சுச் சுதந்திரமும் நீதிமன்றத்தை நாடும் உரிமையும் காக்கப்படும் என்பதும் அவற்றுள் அடங்கின. நீதிபதிகள் தொடர்பிலும் ஒரு வேறுபாடு செய்யப்பட்டிருந்தது. ஏனைய உயர் நீதிபதிகளை நீக்குவதற்குப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கினரின் தீர்மானம் வேண்டும். பிரதம நீதியரசர் என்ற பதவியை மாத்திரம் ஜனாதிபதி எப்போது வேண்டுமானாலும் மீளப்பெறலாம். அந்த வாசகம் மூன்றரை ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

அக்கோட்டோ குழுவினரின் ஆட்கொணர்வு மனு 1961 இல் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அவர்களுக்காக வாதாடியவர் டங்குவா. ஜனாதிபதி செய்த பிரகடனம் பாராளுமன்றத்தையும் கட்டுப்படுத்தும். ஆகவே விசாரணையின்றி மனிதரை அடைத்து வைக்கும் சட்டம் செல்லுபடியாகாது என்பது அவரது வாதத்தின் சாரம். கோர்சா, வான் லாரே, அக்கிவூமி ஆகிய மூன்று நீதியரசர்களும் 1961 ஆகஸ்ட் 28 ஆம் திகதி அதனை நிராகரித்தனர். அப்பிரகடனம் பிரித்தானிய அரசி முடிசூடும்போது செய்யும் சத்தியத்தைப் போன்றதே என்றும், அது ஜனாதிபதியின் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமேயன்றி நீதிமன்றத்தில் அமுலாக்கக்கூடிய உரிமை எதனையும் தராது என்றும் கோர்சா தீர்ப்பளித்தார். ஜனாதிபதி அக்கோட்பாடுகளை மீறினால் மக்கள் பரிகாரம் தேடவேண்டிய இடம் வாக்குப்பெட்டியே, நீதிமன்றமன்று என்பதும் அத்தீர்ப்பின் கருத்து.

இந்தத் தீர்ப்பைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பாராளுமன்றமே மேலானது என்ற பிரித்தானியச் சட்டக் கோட்பாட்டில் ஊறி வளர்ந்தவர் கோர்சா. யுத்தகாலத் தடுப்புக்காவல் பற்றிய லிவர்சிட்ஜ் வழக்கில் அமைச்சரின் நம்பிக்கையே போதுமானது என்று 1941 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் நீதியரசர்களே தீர்ப்பளித்திருந்தனர். அந்த முன்மாதிரியையே கானா நீதிமன்றமும் பின்பற்றியது. ஆனால் லிவர்சிட்ஜ் வழக்கில் அட்கின் பிரபு தனித்து நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் சட்ட உலகில் நன்கறியப்பட்டிருந்தது. பெரும்பான்மையினர் கொடுத்த வியாக்கியானத்தை எங்கும் நீட்டிச் செல்லக்கூடாது என்று கோமறைக் கழகமே 1950 இல் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எழுந்தது இலங்கையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், நக்குடா அலி என்ற புடைவை வணிகரின் அனுமதிப்பத்திரம் பற்றிய மேன்முறையீட்டில் என்பது நமக்குச் சுவையான செய்தி. அவருடைய மேன்முறையீடு தோற்றபோதும், நியாயமான காரணம் என்று சட்டம் சொன்னால் அத்தகைய காரணம் உண்மையிலேயே இருக்கவேண்டும் என்ற கருத்து அங்கு நிலைநாட்டப்பட்டது. ஆகவே 1961 இல் கோர்சாவின் முன் இரண்டு பாதைகள் இருந்தன. அவர் பழகிய பாதையைத் தெரிவு செய்தார். அக்கோட்டோ சிறையிலேயே இருந்தார்.

அடுத்த ஆண்டு நாட்டின் நிலை மாறியது. 1962 ஆகஸ்ட் 1 ஆம் திகதி, அயல்நாடான அப்பர் வோல்டாவின் ஜனாதிபதியைச் சந்தித்துவிட்டுத் திரும்பிய நிக்ருமா, வட எல்லையில் உள்ள குலுங்குகு கிராமத்தில் மக்களின் வரவேற்பை ஏற்பதற்காக வாகனத்தை நிறுத்தியபோது கைக்குண்டு வீசப்பட்டது. நிக்ருமா காயங்களுடன் உயிர்தப்பினார். அதனைத் தொடர்ந்து அக்ராவிலும் குண்டுகள் வெடித்து உயிர்கள் பலியாகின. அச்சமும் ஆத்திரமும் நாடெங்கும் பரவின. அந்த ஆத்திரத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் மாத இறுதியில் கைதானவர்களின் பெயர்கள் வெளியானபோது நாடு திகைத்தது. தகவல் அமைச்சர் தவியா அடமாஃபியோ, வெளிநாட்டமைச்சர் அக்கோ அட்ஜேய், ஆளுங்கட்சியின் நிறைவேற்றுச் செயலாளர் கோஃபி கிராப் ஆகிய மூவரும் ஜனாதிபதியின் நெருங்கிய வட்டத்தினர். 1947 இல் நிக்ருமாவின் பெயரைச் சிபாரிசு செய்த அதே அக்கோ அட்ஜேய்தான் இப்போது அவரைக் கொல்லச் சதி செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். இவர்களுடன் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஓட்சேரே, யாவ் மானு ஆகிய இருவரும் எதிரிகளாக்கப்பட்டனர்.

இத்தகைய குற்றங்களை விசாரிப்பதற்கென 1961 இல் விசேட நீதிமன்றம் ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. மூன்று நீதிபதிகள், ஜூரர் இல்லை, மேன்முறையீடும் இல்லை. அரச தரப்புக்கு வசதியாக அமைக்கப்பட்ட நீதிமன்றம் அது என்பதில் ஐயமில்லை. 1963 இன் முற்பகுதியில் குண்டுவெடிப்புகள் தொடர்பாக வேறு சிலர் அதன் முன் நிறுத்தப்பட்டு மரணதண்டனை பெற்றபோது, அந்த நீதிமன்றத்தின் மீது அரசாங்கத்துக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. 1963 ஆகஸ்டில் ஐவருக்கும் எதிரான விசாரணை தொடங்கியது. கோர்சா தலைமை தாங்க, வான் லாரேயும் அக்குஃபோ அடோவும் உடனிருந்தனர். 1948 இல் அக்குஃபோ அடோவுடனும் நிக்ருமாவுடனும் சேர்ந்து சிறையிருந்த அக்கோ அட்ஜேய் இப்போது எதிரிக்கூண்டில் நின்றார்.

எதிர்க்கட்சியினர் இருவருக்கும் எதிரான சாட்சியம் வலுவானதாக இருந்தது. ஆனால் அவர்களுக்கும் அமைச்சர்களுக்கும் இடையிலான தொடர்பை நிரூபிப்பதே வழக்கின் கடினமான பகுதி. வெளிநாட்டிலிருந்து சதி செய்த எதிரணியினரும் ஆளுங்கட்சியின் உச்சியிலிருந்த மூவரும் ஒன்றுகூடித் திட்டமிட்டனர் என்பதைக் காட்டும் நேரடிச் சான்று முன்வைக்கப்படவில்லை. பயணத்தின்போது மூவரும் ஜனாதிபதியின் வாகனத்திலிருந்து விலகியே சென்றனர் என்பது போன்ற சந்தர்ப்பச் சான்றுகளே எஞ்சின. சந்தேகம் எத்துணை பெரிதாயினும் அது நிரூபணம் ஆகாது என்பது சட்டக் கல்லூரியின் முதற்பாடம். 1963 டிசம்பர் 9 ஆம் திகதி நீதிமன்றம் ஓட்சேரேயையும் மானுவையும் குற்றவாளிகளாகக் கண்டு மரணதண்டனை விதித்தது. அடமாஃபியோ, அக்கோ அட்ஜேய், கோஃபி கிராப் ஆகிய மூவரையும் நிரபராதிகள் என விடுவித்தது. ஆயினும் தடுப்புக்காவல் சட்டம் கையிலிருந்தமையால் மூவரும் வீடு செல்லவில்லை.

இரண்டு நாள்களில் கோர்சாவின் நியமனத்தை ஜனாதிபதி மீளப்பெற்றார். தீர்ப்பின் முடிவை முன்கூட்டியே தமக்குத் தெரிவிக்காமல் நாட்டின் பாதுகாப்பைப் பிரதம நீதியரசர் ஆபத்துக்குள்ளாக்கினார் என்பதே ஜனாதிபதி தரப்பு கூறிய குறை. நீதிபதி தீர்ப்பை வெளியிடுமுன் வழக்கின் ஒரு தரப்புக்கு அறிவிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் அந்த வாதத்தின் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்போது கோர்சாவுக்கு வயது 69. வான் லாரே பதவி விலகினார். பிறநாடுகளின் சட்டத்துறையினர் கண்டனம் தெரிவித்தனர்.

நீதிபதியை நீக்கினாலும் தீர்ப்பு நின்றது. ஆகவே தீர்ப்பையும் நீக்கவேண்டியிருந்தது. டிசம்பர் மாதம் முடியுமுன்னரே பாராளுமன்றம் அவசரமாகக் கூடி, விசேட நீதிமன்றத்தின் தீர்ப்பை நாட்டின் நலன் கருதி ஜனாதிபதி செல்லுபடியற்றதாக்கலாம் என்று சட்டம் இயற்றியது. அந்த அதிகாரம் உடனடியாகப் பிரயோகிக்கப்பட்டது. விடுதலைத் தீர்ப்பு சட்டத்தின் பார்வையில் நிகழாத ஒன்றாயிற்று. 1957 இல் இரண்டு முஸ்லிம் தலைவர்களின் வழக்கில் நிகழ்ந்தது இப்போது முழு உருவில் வெளிப்பட்டது.

1964 ஜனவரி 2 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையிலேயே ஒரு பொலிஸ்காரர் நிக்ருமாவைச் சுட முயன்றார். மெய்க்காவலர் ஒருவர் உயிரிழந்தார். அம்மாத இறுதியில் சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. நாட்டில் ஒரே கட்சி என்பதையும், உயர் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் ஆகியவற்றின் நீதிபதிகள் எவரையும் ஜனாதிபதி நீக்கலாம் என்பதையும் ஏற்று 99.9 சதவீதமானோர் வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது. அக்குஃபோ அடோ உட்பட மேலும் சில நீதியரசர்கள் அவ்வாண்டில் பதவியிழந்தனர். கோர்சாவின் இடத்துக்கு நியமிக்கப்பட்ட சார்கோடி அடோ, ஜூரர் முன்னிலையில் அந்த ஐவரையும் மீண்டும் விசாரித்தார். 1965 பெப்ரவரியில் ஐவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. நிக்ருமா அதனைச் சிறைத்தண்டனையாகக் குறைத்தார் என்பதையும் இங்கு பதிவு செய்வது நேர்மையாகும்.

அதே 1965 பெப்ரவரி 4 ஆம் திகதி, என்சவாம் சிறைச்சாலையில் தடுப்புக்காவலில் இருந்த டங்குவா உயிர்நீத்தார். 1948 இன் அறுவருள் மற்றொருவரான ஒபெட்செபி லம்ப்டேயும் 1963 இல் காவலில் இருந்தபோதே இறந்திருந்தார். அக்கோட்டோவுக்காக வாதாடித் தோற்ற அதே சட்டம் டங்குவாவின் உயிரைக் குடித்தது. 1934 இல் அவரோடு இலண்டன் சென்ற தோழர், சட்டம் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தவர், அப்போது பதவியற்ற முதியவராக உயிரோடிருந்தார். அந்தச் செய்தி அவர் உள்ளத்தில் எதனை எழுப்பியிருக்கும் என்பதை நாம் ஊகிக்க முற்படவில்லை.

மக்களின் பரிகாரம் வாக்குப்பெட்டியே என்று 1961 இல் உயர் நீதிமன்றம் கூறியது அல்லவா? 1965 ஜூனில் பொதுத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சியின் வேட்பாளர்கள் 198 பேரும் போட்டியின்றித் தெரிவானதாக அறிவிக்கப்பட்டனர். எந்தத் தொகுதியிலும் வாக்குப்பெட்டி வைக்கப்படவில்லை.

1966 பெப்ரவரி 24 ஆம் திகதி நிக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது இராணுவமும் பொலிஸாரும் ஆட்சியைக் கைப்பற்றினர். அதன் பின்னர் அமைச்சர்கள் மூவரும் விடுதலையாயினர். அக்குஃபோ அடோ பிரதம நீதியரசரானார். பின்னர் 1970 இல் நாட்டின் ஜனாதிபதியுமானார். கோர்சா நீண்ட காலம் வாழவில்லை. 1967 ஜனவரி 25 ஆம் திகதி, தமது 72 ஆவது வயதில் காலமானார். தமது தீர்ப்பால் விடுவிக்கப்பட்டவர்கள் மூன்றாண்டு தாமதமாகவேனும் வெளியே வந்ததை அவர் கண்ணால் கண்டார்.

வரலாறு அவரை இரண்டு தீர்ப்புகளால் அளக்கின்றது. அக்கோட்டோ தீர்ப்பைக் கானாவின் சட்ட அறிஞர்களும் பிற்கால நீதிபதிகளும் கடுமையாக விமர்சித்துள்ளனர். 1992 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளைத் தனி அத்தியாயமாக எழுதி, அவற்றை நீதிமன்றத்தில் அமுலாக்கலாம் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுவதற்கு அந்தத் தீர்ப்பு தந்த கசப்பும் ஒரு காரணம். 1963 இன் தீர்ப்போ, அந்நாட்டு நீதித்துறையின் பெருமையாக எண்ணப்படுகின்றது. பிரதம நீதியரசரை ஒரு கையொப்பத்தால் நீக்க முடியாது என்ற ஏற்பாடு 1969 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே புகுந்துவிட்டது. எனினும் ஏட்டில் எழுதுவதால் மாத்திரம் நீதிபதிகள் காக்கப்பட்டுவிடவில்லை. 1982 ஜூன் 30 ஆம் திகதி இரவு, இராணுவ ஆட்சியின் கீழ், மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் வீடுகளிலிருந்து கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

கோர்சாவின் வாழ்வைத் தொகுத்து நோக்கும்போது நமக்கு ஒன்று புலனாகின்றது. 1961 இலும் 1963 இலும் அவர் வேறு வேறு மனிதராக இருக்கவில்லை. இரண்டு தடவையும் தாம் கற்ற சட்டத்துக்கு அவர் விசுவாசமாகவே நடந்துகொண்டார். முதற்தடவை சட்டம் அதிகாரத்தின் பக்கம் இருந்தது. அதிகாரம் அவரை மெச்சியது. இரண்டாம் தடவை சாட்சியம் அதிகாரத்தின் பக்கம் இருக்கவில்லை. அதிகாரம் அவரைத் தூக்கியெறிந்தது. ஆட்சியாளரின் மனச்சாட்சியே போதிய காவல் என்று அவர் அக்கோட்டோவுக்குச் சொன்னார். தமக்கும் அதைத் தவிர வேறு காவல் இல்லை என்பதை அவர் டிசம்பர் மாதத்தின் இரண்டு நாள்களில் அறிந்துகொண்டார்.

பிரசையின் சுதந்திரத்தை நீதிமன்றம் கைவிடும் நாளில் நீதிமன்றத்தின் சுதந்திரமும் தனித்துப்போகின்றது. அதைக் காக்க வேண்டிய குரல்கள் அதற்குள் சிறையில் இருக்கும். 1963 டிசம்பரில் கோர்சாவுக்காக நீதிமன்றத்தில் எழுந்து வாதாடக்கூடியவர்களுள் முதல்வரான டங்குவாவைச் சில வாரங்களிலேயே, 1964 ஜனவரியில், அதே தடுப்புக்காவல் சட்டம் மீண்டும் விழுங்கிக்கொண்டது. ஆயினும், தம்மைக் காக்க எவரும் இல்லை, சட்டத்திலும் வழி இல்லை என்பதை அறிந்திருந்தும், நிரூபிக்கப்படாத குற்றத்துக்காக மூன்று மனிதரைத் தூக்குமரத்துக்கு அனுப்ப அந்த முதியவர் மறுத்தார். சேர் ஆர்க்கு கோர்சாவின் பெயர் கானாவில் இன்றும் மதிப்புடன் சொல்லப்படுவது அதற்காகவே.